பின்சன் அரிசி

சிகாமட் ஸ்டேஷன் குட்ஸ் கொட்டகையில் பின்சன் அரிசி போடுகிற அன்றைக்கு ஏழு மணிக்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். ஏழு மணி என்றால் நம்முடைய ஏழு மணி இல்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும் முதல் வேலையாக ஆப்பீஸ் கடிகாரத்தைப் பிடித்து அவன் ஊர் நேரத்துக்குத் திருகி வைத்துவிட்டான். கடிகாரம் ஏழு காட்டும்போது ஊரில் சேவல்கூட எழுந்திருக்காது. சேவல் எங்கே இருக்கிறது, அதையும்தான் தின்று தீர்த்தாயிற்று.

புஷ்பவள்ளி இருட்டோடு எழுந்து, ஜுரத்தில் முனகிக்கொண்டிருந்த மகள் செல்வராணியை நாத்தனார் கருப்பாயியிடம் விட்டுவிட்டு, சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். அவள் புருஷன் அய்யாவு இதே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். வண்டிக்குத் தண்டவாளத்தைப் பிரித்துவிடுகிற வேலை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, ஒரு மழை நாளில், பின்னால் உருண்டு வந்த வேகன் மோதிச் செத்துப்போனான். வேலையில் செத்தவன் என்பதால் அவன் பெண்டாட்டிக்கு மாதாமாதம் பின்சன் என்று அப்போதிருந்த துரை எழுதி வைத்துவிட்டுப் போனார். ஜப்பான்காரன் வந்த புதிதில் அது நின்றுபோனது. அப்புறம் ரயில் ஓட்ட ஆள் வேண்டுமே, இருக்கிறவனும் மனசு விட்டுப்போய் ஓடிவிடக் கூடாதே என்று திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார்கள். காசாக இல்லை, ஜப்பான்காரன் அடித்த அந்த வாழைமரப் படம் போட்ட நோட்டை வைத்துக்கொண்டு அடுப்புதான் எரிக்கலாம். அரிசியாகக் கொடுத்தார்கள். சுண்ணாம்பு நாற்றமும் கல்லும் புழுவுமாக ஒரு அரிசி. ஆனாலும் அது அரிசி. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று குடல் வெறுத்துப் போயிருந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வாயில் எச்சில் ஊறும்.

அரிசி வாங்க வருகிறவர்கள் சாக்கோடு அதன் வாயைக் கட்டக் கயிறும் கொண்டுவர வேண்டும். அளந்து போடுகிற பாக் மாட் என்ற மலாய்க்காரர், ஒவ்வொருத்தி சாக்கும் நிறைந்ததும் "தாலி! தாலி!" என்று கை நீட்டுவார். மலாயில் தாலி என்றால் கயிறு. அவர் கயிறு கேட்பார், நம் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தாலி அறுத்தவர்கள் வரிசையில் வந்து ஒருத்தர் தாலி கேட்டால் வேறென்ன செய்வது? "அது இல்லாததாலதானே பாக் மாட், இங்க வந்து நிக்கிறோம்" என்று ஒருத்தி தமிழில் சொல்வாள். அவரும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரிப்பார்.

அன்றைக்குப் புஷ்பவள்ளியின் முறை வந்தபோது யாரும் சிரிக்கும்படி இல்லை. பேரேடு எழுதுகிற கிராணி கண்ணையா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தாம்மா, நீ தள்ளி நில்லு."

"எதுக்குத் தள்ளி நிக்கணும்?"

"கழுத்துல என்னா அது?"

"கழுத்துல என்னா இருக்கும்? தலைதான் இருக்கு."

"வெளயாடாத. மஞ்சக் கயிறு தொங்குது, நெத்தியில குங்குமம் வச்சிருக்க. போன மாசம் வெறும் கழுத்தோட வந்து வாங்கிட்டுப் போன. இந்த மாசம் தாலி. மறு கல்யாணம் பண்ணிக்கிட்டவளுக்குப் பின்சன் கெடையாது."

"யாரு சொன்னா?"

"வெள்ளைக்காரன் போட்ட சட்டம்."

"வெள்ளைக்காரன்தான் ஓடிட்டானே!"

"ஜப்பான்காரன் எல்லாத்தையும் மாத்தினான். மணிய மாத்தினான், காச மாத்தினான், பள்ளிக்கூடத்துப் பாஷைய மாத்தினான். இத மாத்தலயே, நான் என்னா செய்ய? விதவையா இருக்கிற வரைக்கும்தான் பின்சன்."

"ஐயோ கடவுளே, இது நெசத் தாலி இல்ல கிராணியாரே."

"மெதுவாப் பேசு!" கிராணி வாசல் பக்கம் பயந்துபோய்ப் பார்த்தார். அங்கே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

அந்தத் தாலி வந்த கதை இதுதான். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். வந்த மறுநாளிலிருந்தே பொம்பளைகள் குளிக்கிற பைப்படிப் பக்கம் வந்து நின்றார்கள். கல்யாணம் ஆனவளைத் தொட மாட்டானாம் என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அது உண்மையா என்று போய்க் கேட்டுவிட்டா வர முடியும்? குமரிகள் எல்லோர் கழுத்திலும் ராத்திரியோடு ராத்திரியாக மஞ்சள் கயிறு ஏறியது. புஷ்பவள்ளிக்கு வயது முப்பது ஆகவில்லை. கருப்பாயிதான் கொல்லையில் ஒரு மஞ்சள் கிழங்கைப் பிடுங்கி, கயிற்றில் கோத்து, அண்ணி கழுத்தில் மூன்று முடிச்சும் போட்டுவிட்டாள். பழைய தங்கப் பொட்டுத் தாலி எப்போதோ மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைக்கு விலையாகப் போய்விட்டது.

அதோடு விட்டதா? லெவல் கிராசிங்கில் நின்ற சிப்பாய்க்குக் கொஞ்சம் மலாய் தெரியும். அவன் அவளை நிறுத்தி, "லாக்கி மானா?" என்று கேட்டான். புருஷன் எங்கே? செத்துப்போனான் என்று சொன்னால் கட்டின தாலிக்கு அர்த்தம் இல்லை. அவள் பயத்தில் கையை நீட்டினாள். கை போன இடத்தில் லாம்புக் கொட்டகை. அங்கே அய்யாவுவோடு வேலை பார்த்த சின்னத்தம்பி உட்கார்ந்து சிக்னல் விளக்குகளுக்குத் திரி கத்தரித்துக்கொண்டிருந்தான். சிப்பாய் அவனைப் பார்த்து, "இவளா உன் பெண்டாட்டி?" என்பது மாதிரி கையை ஆட்டினான். சின்னத்தம்பி அவளைப் பார்த்தான், சிப்பாயின் துப்பாக்கியைப் பார்த்தான், "யா, துவான்", ஆமாம் ஐயா, என்று தலையை ஆட்டிவிட்டான். அவ்வளவுதான் கல்யாணம். மேளம் உண்டா, பந்தல் உண்டா, ஒரு வெற்றிலை பாக்காவது உண்டா?

"இப்ப நான் பொய்த் தாலின்னு எழுதினா, எங்க சிப்பாயவே ஏமாத்தினாளான்னு கேப்பான்" என்றார் கிராணி, குரலை இறக்கி. "நெசத் தாலின்னு எழுதினா ஒனக்கு அரிசி போச்சு."

"அப்ப என்னதான் எழுதுவீங்க?"

"அதான் எழுதாம ஒக்காந்திருக்கேன்! என் தலையெழுத்து. திங்கக்கிழமை ஜப்பான் ஆப்பீசர், அந்தக் கண்ணாடிக்காரன் வர்றான். அவன்கிட்ட நேர்ல வந்து நில்லு. கயித்தக் கழட்டிடாத, நீ பாட்டுக்கு வெறும் கழுத்தோட வந்து நின்னா சிப்பாய் ஒண்ணு சொல்லுவான், நான் ஒண்ணு சொல்லுவேன், பெரிய வம்பாயிடும். நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன். ஒரு அறையோட விட்டுடுவான். அரிசி கெடைக்கும். ஒரு அறை தாங்குவல்ல?"

"அரிசிக்காகன்னா ரெண்டு அறையே தாங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளி காலிச் சாக்கோடு திரும்பினாள். பின்னால் நின்றவள், "பேசினது போதும் நகருலா, எங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று இடித்துக்கொண்டு முன்னே போனாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

ரயில்வே கோட்டர்ஸில் கருப்பாயி வாசலிலேயே நின்றிருந்தாள். காலிச் சாக்கைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தரலியா? அந்தக் கிராணிக்கு என்னா கேடு?"

"அவருக்கு ஒரு கேடும் இல்ல. நீ கட்டின கயித்தப் பாத்துட்டு நான் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டேங்கிறாரு."

"நான் கட்டுனா அது கல்யாணமா? பொம்பள கட்டுனா அது தாலியா?"

"நாத்தனா முடிச்சுன்னு ஒண்ணு இருக்கில்ல. எங்க கல்யாணத்தன்னைக்கு ஒங்கண்ணன் மொத முடிச்சுப் போட்டாரு, மீதி ரெண்டையும் நீதான போட்ட? இப்ப மூணையும் போட்டுட்ட."

"எங்கண்ணன் பேரச் சொல்லிக்கிட்டுதான் போட்டேன்! சத்தியமா. மொத முடிச்சு எங்கண்ணனுக்காகப் போட்டேன். அப்படிப் பாத்தா நீ மறுபடியும் எங்கண்ணனத்தான் கட்டியிருக்க. செத்தவன மறுபடி கட்டினா பின்சன் உண்டா இல்லியா, அதப் போயி அந்தக் கிராணிகிட்டக் கேளு."

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. இவளிடம் நியாயம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். ஆனால் கருப்பாயி நிலைமையும் பாவம்தான். அவள் புருஷன் ஐயாசாமி சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவன். போகும்போது மூன்று மாதம் என்றார்கள். வருஷம் திரும்பப் போகிறது, ஒரு தகவல் இல்லை. அவனோடு போனவர்களில் காலில் புண்ணோடு திரும்பி வந்த ஒருத்தன், அங்கே வாந்திபேதியில் ஆட்களைக் குழியில் தள்ளி மண் போடுவதாகச் சொன்னான். எல்லோரையும் பற்றிச் சொன்னான், ஐயாசாமியைப் பற்றி மட்டும் தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டான். செத்தவன் பெண்டாட்டிக்கு அரிசி உண்டு; போனவன் பெண்டாட்டிக்கு ஒன்றும் கிடையாது. ஆக அந்த வீட்டில் மூன்று வயிற்றுக்கும் அய்யாவுவின் அரிசி ஒன்றுதான்.

செல்வராணிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கிழங்கை அவித்து மசித்து, உப்புப் போட்டு, சர்க்கரைக்கு வழியில்லாமல் கொஞ்சம் தேங்காய்ப் பாலை ஊற்றிக் கொடுத்தாலும் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. கஞ்சி மட்டும்தான் தங்கும். பானையின் அடியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, ஒரு கைகூட இல்லை, அதைத் தண்ணீராகக் காய்ச்சி ஊட்டினாள் புஷ்பவள்ளி. பிள்ளை கிண்ணத்தை நக்கிவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டது. அவள் கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பக்கத்துக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. அந்த மழையில் ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சின்னத்தம்பி வந்தான். கையில் ஒரு கட்டுக் கங்கோங் கீரையும், தென்னை ஈர்க்கில் கோத்த நாலைந்து பொடி மீனும். வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வாய்யா மாப்பிள்ளே" என்றாள் கருப்பாயி. "நேத்து வரைக்கும் அண்ணி, சிப்பாய் முன்னால பொண்டாட்டி. இப்ப வாசப்படி தாண்டறதுக்கு வெக்கமா?"

"சும்மா இரு கருப்பாயி." அவன் காது சிவந்துவிட்டது. "அண்ணி, கிராணி சொன்னாரு. அரிசி நிறுத்திட்டாங்களாமே."

"நிறுத்தல. திங்கக்கிழமை அந்தக் கண்ணாடிக்காரன்கிட்ட வந்து, இது பொய்த் தாலி, எனக்குப் புருஷன் கெடையாதுன்னு சொல்லணுமாம். அறைஞ்சுட்டுக் குடுப்பானாம்."

"சொல்லிடுங்க அண்ணி."

அவன் சொன்ன வேகம் அவளுக்கு என்னவோ மாதிரி இருந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் அங்கேயே நின்றான். போகவும் இல்லை.

"என்னா? இன்னும் என்னா இருக்கு? சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"சின்னத்தம்பி, எனக்கு இருக்கிற எரிச்சல்ல நீ வேற மென்னு முழுங்காத."

"சயாமுக்கு அடுத்த வண்டிக்கு ஆள் எடுக்கிறாங்க அண்ணி. ஸ்டேஷன் ஆளுங்களயும் சேத்து. குடும்பம் இல்லாதவன் மொதல்ல போகணுமாம். எனக்குக் குடும்பம் இருக்குன்னு அந்தக் கேட்டுல நிக்கிற சிப்பாய் சொல்லியிருக்கான். அதனால ஆள் புடிக்கிற மண்டோர் என்ன விட்டுட்டாரு." அவன் கீரைக் கட்டைக் கீழே வைத்தான். "அதனால என்னா? பாப்பாவுக்குக் கஞ்சிதான் முக்கியம். நீங்க உள்ளதச் சொல்லிடுங்க. நான் ஒத்த ஆளு. எனக்காக அழுறதுக்கு யாரு இருக்கா?"

சயாம் என்ற சொல் வந்ததும் கருப்பாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். புஷ்பவள்ளிக்குத்தான் எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதச் சொல்லவாடா மழையில நனைஞ்சுக்கிட்டு வந்த? சொல்லாமலே இருந்திருந்தா நான் பாட்டுக்கு என் அரிசிய வாங்கிட்டு வந்திருப்பேன்ல? இப்ப நான் எப்படிப் போயி அவன் முன்னால நிப்பேன்?"

"நான் சொல்லல அண்ணி, நீங்கதான கேட்டீங்க..."

"போ! மொதல்ல இங்கேருந்து போ. நல்லவனா இருக்காத. எனக்கு முன்னால வந்து நல்லவனா நிக்காத."

அவன் போய்விட்டான். மீனைச் சுட்டார்கள். யாருக்கும் இறங்கவில்லை, செல்வராணி மட்டும் முள்ளை ஒதுக்கி ஒதுக்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புஷ்பவள்ளி கிழங்குக் கொல்லையில் களை வெட்டினாள். ஒரு வெட்டுக்கு, சொல்லிவிடலாம் என்று தோன்றும். அடுத்த வெட்டுக்கு, எப்படிச் சொல்வது என்று தோன்றும். அய்யாவு அடிபட்ட அன்று வேகனுக்கு அடியில் புகுந்து அவனை இழுத்துப் போட்டவன் இந்தச் சின்னத்தம்பிதான். அதற்காக அவள் தனக்குக் கடன்பட்டவள் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தால், முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவன் வேண்டாம் வேண்டாம் என்கிறான். யாரைத் திட்டுவது? ஓடிப்போன வெள்ளைக்காரனையா, வந்து உட்கார்ந்திருக்கிற ஜப்பான்காரனையா, மூன்று முடிச்சையும் இழுத்துக் கட்டிய கருப்பாயியையா? எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தாள். களைதான் குறைந்தது.

திங்கட்கிழமை காலையில் செல்வராணியின் உடம்பு அனலாகக் கொதித்தது. புஷ்பவள்ளி தீர்மானம் பண்ணிக்கொண்டாள். பிள்ளைதான். பிள்ளைக்கு மேலே ஒன்றும் இல்லை. பொய்த் தாலி என்று சொல்லிவிட வேண்டியது. சாக்கை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கயிறு எடுக்க மறந்துவிட்டாள்.

குட்ஸ் கொட்டகைக்கு வெளியே, மழை ஓய்ந்த சேற்றில், ஆண்களை இரண்டு பக்கமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மூட்டையும் முடிச்சுமாகச் சயாம் போகிறவர்கள். இன்னொரு பக்கம் குடும்பக்காரர்கள். சின்னத்தம்பி குடும்பக்காரர்கள் பக்கம் நின்றான். அவன் கையில் ஒரு சிறு துணி மூட்டை இருந்தது. குடும்பக்காரன் எதற்கு மூட்டை கொண்டுவருகிறான்? அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்து, தயாராகவே வந்திருக்கிறான். லாம்புக் கொட்டகை வாசலில் விளக்குகள் எல்லாம் துடைத்து, எண்ணெய் ஊற்றி, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தான் போன பிறகு வருகிறவனுக்குச் சிரமம் வேண்டாம் என்று அந்தப் புண்ணியவான் எல்லா வேலையையும் முடித்துவிட்டான்.

அந்த மூட்டையைப் பார்த்ததும் அவள் பண்ணிக்கொண்டு வந்த தீர்மானம் ஆட்டம் கண்டது. அரிசி போனால் கிழங்கு இருக்கிறது. கிழங்கு போனால் கீரை இருக்கிறது. எங்கேயாவது அலைந்து, யார் காலிலாவது விழுந்து, பிள்ளைக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்துவிடலாம். இவன் போனால் போனதுதானே? ஐயாசாமி போனான், என்ன ஆனான்?

கண்ணாடிக்காரன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சின்ன உருவம், தடிக் கண்ணாடி. பக்கத்தில் கிராணி கண்ணையா கைகட்டி நின்றார். அவள் போய்க் குனிந்து கும்பிட்டாள். கிராணி தனக்குத் தெரிந்த மலாயில் மெதுவாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பெண் விதவை, பின்சன் அரிசி வாங்குகிறவள். ஆனால் கழுத்தில் தாலி இருக்கிறது. அதோ அந்த லாம்புக்காரன் இவள் புருஷன் என்று சிப்பாய் சொல்கிறான். தாலி என்பதற்கு மலாயில் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தாலி என்றே சொல்லிவிட்டார்.

"தாலி?" கண்ணாடிக்காரன் நெற்றியைச் சுருக்கினான். எழுந்து வந்து அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை நோக்கி விரலை நீட்டினான். "இனி ஆப்பா?" இது என்ன?

கிராணி அவளைப் பார்த்து, சொல்லு சொல்லு என்று கண்ணைக் காட்டினார். பொய் என்று சொல்லு, பிழைத்துக்கொள். அவள் சின்னத்தம்பி பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்த ஆத்திரத்தில் அவளுக்கு அரிசியும் பெரிதாகத் தெரியவில்லை, அறையும் பெரிதாகத் தெரியவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"தாலி!" என்றாள், கொட்டகை அதிர. "தாலி, துவான். தாலிதான்!"

கண்ணாடிக்காரன் கயிற்றைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மேசை மேல் சாக்கு கட்டுவதற்கு வைத்திருந்த கயிற்றுச் சுருளை எடுத்து அவள் முன்னால் ஆட்டினான்.

"தாலி?"

"அது இல்ல துவான், இது..."

அவன் சிரித்துவிட்டான். இந்தக் கயிறும் தாலி, அந்தக் கயிறும் தாலி. ஒரு கயிற்றுக்காகவா இவ்வளவு நேரம்? "தாலி சாஜா!" என்றான். வெறும் கயிறு. அவளுக்குப் புருஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. அரிசியைக் கொடு என்று பாக் மாட்டுக்குக் கையைக் காட்டினான். அப்படியே திரும்பி, குடும்பக்காரர்கள் பக்கம் நின்ற சின்னத்தம்பியை விரலால் சுட்டி, அந்தப் பக்கம் போ என்றான்.

புஷ்பவள்ளிக்கு ஒரு நிமிஷம் என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினாள். "இல்ல துவான்! லாக்கி! லாக்கி சாயா! அவரு எம் புருஷன்! கிராணியாரே, சொல்லுங்களேன், வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? தாலின்னா கயிறு இல்லன்னு சொல்லுங்க!"

கிராணி, "துவான், இந்தத் தாலி வந்து..." என்று வாயெடுத்தார். கண்ணாடிக்காரன் முகத்தில் சிரிப்பு நின்றது. "பக்கேரோ!" என்று திட்டி ஒரு அறை விட்டான். அவளுக்கு வர வேண்டிய அறை கிராணி கன்னத்தில் விழுந்தது. காதில் இருந்த பென்சில் எங்கோ தெறித்தது.

"வாய மூடு தாயே" என்றார் கிராணி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல். "ஒருதரம் கயிறுன்னுட்ட. இப்பப் புருஷன்னா ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு ஒன்னயும் அடிப்பான், அவனயும் சேத்து அடிப்பான். விட்டுடு."

"நான் எங்க கயிறுன்னேன்? நான் தாலின்னுதானே சொன்னேன்!"

"அதத்தான் சொன்ன."

பாக் மாட் அரிசியை அளந்து அவள் சாக்கில் கொட்டினார். வழக்கப்படி கை நீட்டி, பழக்கத்தில் "தாலி" என்று சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் தன்னுடைய கயிற்றிலேயே ஒரு துண்டு அறுத்து, சாக்கின் வாயைச் சுற்றிக் கட்டி, அவள் தலையில் தூக்கி வைத்தார்.

வண்டி வரும்வரை ஆட்களைச் சேற்றில் உட்கார வைத்திருந்தார்கள். சிப்பாய் விரட்டுவதற்குள் அவள் ஓடிப்போய்ச் சின்னத்தம்பி முன்னால் நின்றாள்.

"நான் தாலின்னுதான் சொன்னேன்" என்றாள். "ஒன் மேல சத்தியமா, நான் தாலின்னுதான் சொன்னேன்."

"கேட்டுச்சு அண்ணி." அவன் சிரித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. "அங்க நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு. அவ்வளவு சத்தமாவா சொல்லுவீங்க?"

"என்ன அண்ணின்னு கூப்பிடாத."

அவன் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தான். கடைசியில் கூப்பிடாமலேயே சொன்னான். "பாப்பாவுக்குச் சீக்கிரம் போயி கஞ்சி வச்சுக் குடுங்க. அப்புறம்... ரெண்டாம் நம்பர் விளக்கு புகையும். திரிய ஒரு பக்கமாச் சாய்ச்சுக் கத்தரிக்கணும். புதுசா வர்றவன்கிட்டச் சொல்லச் சொல்லுங்க."

சிப்பாய் கட்டையை ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் மூட்டையோடு நடந்தாள். வண்டி போன சத்தம் கோட்டர்ஸ் வரைக்கும் கேட்டது.

கஞ்சி கொதித்தது. கல் பொறுக்கி, புழு பொறுக்கி, மூன்று தண்ணீர் களைந்தும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. செல்வராணி ஒரு கிண்ணம் குடித்து, "இன்னும் இருக்காம்மா?" என்றது. இருந்தது. இரண்டாவது கிண்ணமும் குடித்து, வாந்தி எடுக்காமல் தூங்கிப்போனது. கருப்பாயி நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அப்புறம் கிழங்கு வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கழுத்தக் காட்டு. எல்லாத்துக்கும் இந்தச் சனியன் புடிச்ச கயிறுதான் காரணம். நான் கட்டினத நானே அறுத்துடறேன்."

புஷ்பவள்ளி கயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அறுக்காத."

"அடுத்த மாசமும் கிராணி கேப்பாரு அண்ணி."

"கேக்கட்டும். மலாய்ல எழுதிக்கச் சொல்லு. அவங்களுக்குத்தான் இது கயிறு."

கருப்பாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். கத்தியைக் கொண்டுபோய்க் கூரை இடுக்கில் செருகினாள்.

அடுத்த அரிசி நாளன்றும் இருட்டோடு எழுந்து போக வேண்டியிருந்தது. லெவல் கிராசிங்கில் வேறொரு சிப்பாய் நின்றான். புதியவன். இவனுக்கும் அந்த இரண்டு மலாய் வார்த்தை தெரிந்திருந்தது.

"லாக்கி மானா?"

பழக்கத்தில் அவள் கை லாம்புக் கொட்டகைப் பக்கம் போய்விட்டது. அங்கே வேறு யாரோ உட்கார்ந்து, புகைகிற விளக்கு ஒன்றை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை அங்கிருந்து எடுத்து, தண்டவாளம் வடக்கே போகிற திசையில் நீட்டினாள்.

"சயாம்" என்றாள்.

சிப்பாய் அவள் கழுத்தைப் பார்த்தான், தலையை ஆட்டி வழிவிட்டான். புஷ்பவள்ளி தண்டவாளத்தைத் தாண்டி, சாக்கையும் அதைக் கட்டுகிற கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய், தாலி அறுத்தவர்கள் வரிசையில் நின்றாள்.